தடுப்பூசி அட்டை இல்லாமல் வார்டுக்குள் கால் வைக்க மாட்டோம்



இன்னும் சில வாரங்களில் நம் முதலாண்டுத் தங்கைகளும் தம்பிகளும் வார்டுக்கு வரப்போகிறார்கள். சீருடைக்கு அளவு கொடுத்தாயிற்று. விளக்கேற்றும் விழாவுக்கு யார் தலைமை என்பது முடிவாயிற்று. உறுதிமொழியை மனப்பாடம் பண்ணச் சொல்லியாயிற்று. இத்தனை ஏற்பாட்டுக்கு நடுவே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. இவர்களில் எத்தனை பேருக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் முடிந்திருக்கிறது?

கடைசி நேரத்தில் ஒன்றைப் போட்டுச் சமாளிக்கிற தடுப்பூசி இல்லை இது. முதல் நாள் ஓர் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. அதற்குப் பிறகு ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தை எடுத்து, எதிர்ப்புச்சக்தியின் அளவு, நாம் டைட்டர் என்கிறோமே அது, 10-ஐத் தொட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொடவில்லை என்றால் மறுபடியும் போட வேண்டும். அட்மிஷன் நாளன்று தொடங்கினால்தான் பாதுகாப்போடு வார்டில் நிற்க முடியும். வார்டுக்குப் போன பிறகு தொடங்கினால், ஊசி பிடிக்கவே கை நடுங்குகிற அந்த முதல் மாதங்கள் பாதுகாப்பில்லாமலே கழியும். நாடு முழுவதற்குமான குழந்தைத் தடுப்பூசி அட்டவணையில் ஹெபடைடிஸ் பி சேர்ந்தது 2011-ல்தான். அதற்கு முன் பிறந்தவர்கள்தான் இன்று நம் வகுப்பறைகளில் இருக்கிறோம். சிலருக்குக் குழந்தையில் போட்டிருக்கலாம். அதற்கான அட்டை யார் கையிலும் இல்லை.

அதனால்தான் இதை இன்று எழுதுகிறேன். அடுத்த செமஸ்டரில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால், இந்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு அது உதவாது.

நர்சிங் மாணவர்களுக்கு மட்டும் எழுதவில்லை. ஹவுஸ் சர்ஜன்கள், லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் படிப்பு மாணவர்கள், பிசியோதெரபி, பார்மசி தோழர்கள், ஏ.என்.எம். பயிற்சிக்குக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் போய் நிற்கும் தங்கைகள் என்று, மருத்துவமனைக்குள் படிக்க அனுப்பப்படும் எல்லாரையும்தான் கூப்பிடுகிறேன்.

வார்டில் நம் நிலைமையை நேராகப் பார்ப்போம். காலையில் நாம் போய் நிற்கும்போது இன்சார்ஜ் சிஸ்டருக்கு நாம் உதவிக் கைகள். படுக்கை விரிப்பது, பி.பி. பார்ப்பது, ஐ.வி. போடுவது, ரத்தம் எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓடுவது, நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நாம்தான். ஆள் குறைந்த வார்டுகள் பலவும் நம்மை வைத்துத்தான் ஓடுகின்றன. கையில் ஊசி குத்திவிட்டால் மட்டும், அந்த நிமிடமே நாம் மாணவர்கள் ஆகிவிடுகிறோம். "உங்க காலேஜ்ல போய்ச் சொல்லும்மா" என்கிறது மருத்துவமனை. "ஆஸ்பத்திரியில நடந்ததுக்கு நாங்க என்ன பண்றது?" என்கிறது கல்லூரி. இந்த இரண்டு வாசலுக்கும் நடுவில் நம் தோழர்கள் நின்று அழுதிருக்கிறார்கள்.

2025 வரை நடைமுறையில் இருந்த 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் மூன்றாவது அட்டவணை என்று ஒன்று இருந்தது. தொழிலால் வரும் நோய்களின் பட்டியல் அது. மருத்துவப் பணியிலும் ஆய்வகப் பணியிலும் தொற்றிக்கொள்ளும் நோய்கள் அந்தப் பட்டியலின் முதல் வரியிலேயே இருந்தன. சட்டம் எழுதியவர்களுக்கு இந்த ஆபத்து தெரியாமல் இல்லை. ஆனால் இழப்பீடு வாங்க நாம் பணியாளராக இருக்க வேண்டும். சம்பளப் பட்டியலில் நம் பெயர் இல்லை, ஈ.எஸ்.ஐ. அட்டையும் இல்லை. ஒரே வார்டில், ஒரே நோயாளியிடமிருந்து, ஒரே கிருமி ஸ்டாஃப் நர்ஸுக்கு வந்தால் தொழில்நோய். நமக்கு வந்தால் தலைவிதி. கட்டணமும் கட்டி, வேலையும் செய்து, நோயையும் நாமே சுமப்பது என்ற இந்த ஏற்பாட்டை நாம் ஒப்புக்கொள்ளவே கூடாது.

ஊசிக்குத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம்மில் அதிகம் பேர் மறைக்கும் காயம் அதுதான்.

என்னோடு படித்த தோழி ஒருத்திக்கு இரண்டாம் ஆண்டில் நடந்தது இது. நைட் டூட்டி. கேஜுவாலிட்டியில் கூட்டம். ரத்தம் எடுத்து முடித்து ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடும்போது கட்டைவிரலில் ஏறிவிட்டது. கழுவினாள், பஞ்சு வைத்துக் கட்டினாள், யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ப்ரொசீஜர் புக்கில் கையெழுத்துக் கிடைக்காது, இன்டர்னல் மார்க் போய்விடும், "ஒரு ஊசிகூட ஒழுங்கா பிடிக்கத் தெரியலையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார்கள் என்ற பயம். ஐந்தாம் நாள் ஹாஸ்டலில் என் கட்டிலில் உட்கார்ந்து சொன்னாள். அதற்குள் மருந்து தொடங்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. அந்த நோயாளி யார் என்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று பரிசோதனைக்குப் போனோம். கடைசியில் எதுவும் இல்லை என்று வந்தது. ஆனால் அந்த ஆறு மாதமும் அவள் வீட்டுக்குப் போனால் தனித்தட்டில் சாப்பிட்டாள். அக்காவின் கைக்குழந்தையைத் தூக்கவில்லை. அப்படியெல்லாம் ஒதுங்க வேண்டியதில்லை என்று பாடத்தில் படித்தவள்தான் அவள். பயம் வந்தால் பாடம் நினைவில் நிற்பதில்லை.

அவளுக்கு அன்று யாராவது சொல்லியிருக்க வேண்டியது இதுதான். ஊசி குத்தினால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவு. பிதுக்காதே, விரலை வாயில் வைக்காதே, டெட்டாலோ பிளீச்சிங் கரைசலோ ஊற்றாதே. கண்ணில் ரத்தம் தெறித்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவு. அப்புறம் டூட்டி டாக்டரிடம் போ. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். 72 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கிப் பயனில்லை. 28 நாள், ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட வேண்டும். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி நோயாளியின் ஊசி குத்தியிருந்தால், இம்யூனோகுளோபுலின் ஊசியைக் கூடுமானவரை 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தடுப்பூசியையும் அன்றே தொடங்க வேண்டும்.

நாம் எச்.ஐ.வி.யை நினைத்துத்தான் நடுங்குகிறோம். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் தொற்று வரும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. தடுப்பூசி இல்லாதவருக்கு ஹெபடைடிஸ் பி வரும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பதுவரை போகும். காய்ந்த ரத்தத்தில்கூட அந்தக் கிருமி ஏழு நாள் உயிரோடு இருக்கும். ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு ஈரலைக் கெடுக்கும், புற்றுநோயிலும் கொண்டுபோய் விடும். இவ்வளவு கொடியதைத் தடுக்க ஒரு தடுப்பூசி இருக்கிறது. ஹெபடைடிஸ் சி-க்கு அதுவும் இல்லை. இருக்கிற ஒன்றைப் போடாமல் பிள்ளைகளை வார்டுக்கு அனுப்புவதை அலட்சியம் என்று சொல்வதுகூடக் குறைத்துச் சொல்வதுதான்.

வரலாற்றில் நமக்கு ஒரு மூத்த தோழி உண்டு. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவியாக இருந்த நிர்மலா. பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னதன் பேரில், பாலியல் தொழில் செய்த பெண்களிடம் ரத்த மாதிரிகளைச் சேகரித்தவர் அவர். கையுறையோ வேறு பாதுகாப்போ இல்லாமல் எடுத்தார். எடுத்ததைத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துக் காத்தார். வேலூருக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தபோதுதான் இந்தியாவுக்குள் எச்.ஐ.வி. வந்துவிட்டது முதன்முதலாகத் தெரிந்தது. ஒரு மாணவி வெறுங்கையோடு செய்த வேலை அது. அந்தத் துணிச்சலை வணங்குகிறேன். ஆனால் அன்று அந்த நோய் இங்கே எல்லாருக்கும் புதிது. விதி கிடையாது, மருந்து கிடையாது. இன்று எல்லாம் இருக்கிறது. இன்றும் ஒரு மாணவி கையுறைக்காகத் தன் காசில் மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறாள் என்றால், அதைச் சேவை மனப்பான்மை என்று யாரும் புகழ வேண்டாம்.

இன்று இருக்கும் விதிகள் நம் கையில் ஆயுதங்கள். அவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 19-ஆம் பிரிவு, மருத்துவ சேவை தரும் ஒவ்வொரு நிறுவனமும், அங்கே பணியாற்றித் தொற்றுக்கு ஆளாகக்கூடிய எல்லா நபர்களுக்கும் பாதுகாப்புச் சாதனங்களும் பயிற்சியும் ஊசிக்குத்துக்குப் பிந்தைய மருந்தும் தர வேண்டும் என்கிறது. எல்லா நபர்களுக்கும் என்று இருக்கிறது. சம்பளம் வாங்குவோருக்கு என்று இல்லை. 2016-ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவைக் கையாளும் மருத்துவப் பணியாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடும் கடமையை மருத்துவமனையின் தலையில் வைத்திருக்கின்றன. சேரும்போது ஒரு முறை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது உடல் பரிசோதனை செய்யச் சொல்கின்றன. விபத்து நடந்தால் பதிவு செய்யச் சொல்கின்றன. ஊசி போட்டுவிட்டு அதை நீடில் கட்டரில் நறுக்கி, வெள்ளை டப்பாவில் போடுவது யார்? நாம்தான். அப்படியானால் அந்த விதி சொல்கிற மற்றவர்களும் நாம்தான். 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மருத்துவப் பணியாளர்களுக்கான தடுப்பூசிக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். பணம் இல்லை என்று எந்தக் கல்லூரி முதல்வரும் சொல்ல முடியாது.

இங்கே இன்னொரு கூட்டத்தை மறக்கக் கூடாது. நாம் அவசரத்தில் கறுப்புப் பையில் போட்டுவிட்டுப் போகும் ஊசி, அந்தப் பையைத் தூக்கும் தூய்மைப் பணியாளர் அக்காவின் காலில் குத்துகிறது. ஒப்பந்தத்தில் வேலை செய்கிற அவருக்கு நம்மைவிடவும் நாதி இல்லை. நாம் கேட்கும் தடுப்பூசியும் கையுறையும் அவருக்கும் சேர்த்தே கேட்கப்பட வேண்டும். மனுவில் அந்த வரி இல்லை என்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

அடுத்தது காசநோய். காயம் தெரியாது, ரத்தம் வராது; காற்றில் வந்துவிடும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நர்சிங் மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து நடத்திய ஆய்வு ஒன்று 2011-ல் வெளிவந்தது. ஓராண்டில் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டுப் பேர் புதிதாகக் காசநோய்க் கிருமித் தொற்றுக்கு ஆளாகியிருந்தார்கள். நாட்டு மக்களுக்குப் பொதுவாகக் கணக்கிட்டிருந்த அளவு நூற்றுக்கு ஒன்றரை. ஐந்து மடங்கு! தொற்றிய எல்லாருக்கும் நோய் வருவதில்லை. பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரும் என்பார்கள். அந்த ஒருவர் யார் என்பது முன்கூட்டித் தெரியாது. சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், நெரிசலான ஹாஸ்டல் அறையில் இருப்பவருக்கு வாய்ப்பு அதிகம்; நாம் எல்லாரும் அப்படித்தான் இருக்கிறோம். அந்தக் கல்லூரி எண்ணிப் பார்த்தது, வெளியே சொன்னது. அது பாராட்ட வேண்டிய நேர்மை. நம் கல்லூரிகளில் யார் எண்ணுகிறார்கள்?

மெடிக்கல் வார்டில், நெஞ்சுநோய்ப் பிரிவில், ஐ.சி.யு.வில் போஸ்டிங் போடும்போது நமக்குத் தரப்படுவது மெல்லிய நீல மாஸ்க். நாம் தும்மினால் அது அடுத்தவரைக் காக்கும். காசநோயாளி இருமும்போது நம்மைக் காக்காது. அதற்கு என்-95 வேண்டும், அதுவும் முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும். வார்டின் ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். கொசு வருகிறது என்று அட்டை வைத்து அடைத்திருந்தால் அட்டையை எடுக்கச் சொல்லுங்கள், வலை அடிக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது என்று எதுவந்தாலும் நைட் டூட்டி அலுப்பு என்று நினைத்து விடாதீர்கள். சளியைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ரூம்மேட் இருமினால் அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

எக்ஸ்ரே படிக்கும் தோழர்களுக்கு ஒரு சொல். மார்பில் டி.எல்.டி. பட்டை இல்லாமல் எக்ஸ்ரே அறைக்குள் நிற்காதீர்கள். உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்பதற்கு அந்தப் பட்டை ஒன்றுதான் சாட்சி. பட்டை இல்லை என்றால் நீங்கள் அங்கே நின்றதற்கே கணக்கு இல்லை. குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று உங்களைக் கூப்பிட்டால், ஈய ஏப்ரனைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். மற்ற வார்டுகளிலோ, அம்மை போட்ட மாணவியை லேபர் வார்டுக்கும் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கும் அனுப்பாதீர்கள் என்று சொல்ல வேண்டிய நிலைகூட இருக்கிறது. அட்டெண்டன்ஸுக்குப் பயந்து போனவர்களை எனக்குத் தெரியும். நோயாளிகளைத் தனியாகத் தூக்கி இருபது வயதிலேயே இடுப்பு போனவர்களும் உண்டு.

இப்போது சொல்லப்போவதை எழுதவே கை வரவில்லை. 2023 மே 10-ஆம் தேதி, கேரளத்தின் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில், காலில் காயம் என்று போலீஸ் கூட்டிவந்த ஆள், கையில் கிடைத்த கத்தரிக்கோலால் இளம் ஹவுஸ் சர்ஜன் ஒருவரைக் குத்திக் கொன்றான். அவர் அந்த மருத்துவமனையின் ஊழியர் இல்லை. வேறொரு கல்லூரியிலிருந்து பயிற்சிக்காக அங்கே அனுப்பப்பட்டவர். 2024 ஆகஸ்ட் 9-ஆம் தேதி, கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில், இரவுப் பணியின் நடுவே கொஞ்சம் ஓய்வெடுக்கக் கருத்தரங்க அறைக்குப் போன முதுநிலைப் பயிற்சி மருத்துவர் பலாத்காரம் செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். நாடே வீதிக்கு வந்தது. உச்சநீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, தேசிய அளவில் பணிக்குழு அமைத்தது. அந்த இருவரும் படித்துக்கொண்டே வேலை செய்தவர்கள், நம்மைப் போல.

படுக்க ஓர் அறை, உள்ளே தாழ்ப்பாள், வெளியே விளக்கு, ஹாஸ்டலுக்குத் திரும்பும் வழியில் ஒரு காவலர் என்று கேட்பது சலுகை கேட்பது ஆகாது. வெளியூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். பயிற்சிக் களத்தில் பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. இரவில் அந்த ஆசிரியர் எங்கே இருக்கிறார் என்று நம் முதல்வர்கள் சொல்லட்டும்.

கையைப் பிடிக்கும் நோயாளி, உரசிக்கொண்டு போகும் அட்டெண்டர், மார்க்கைக் காட்டி அறைக்குக் கூப்பிடும் பெரியவர் என்று இவர்களைப் பற்றியெல்லாம் ஹாஸ்டலில் கிசுகிசுவாகப் பேசியது போதும். 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பயிற்சியில் இருப்பவரையும் பணியாளர் என்றே கணக்கில் எடுக்கிறது. மருத்துவமனையையும் பணியிடம் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம். அடிதடிக்கு 2008-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. மருத்துவ மாணவரையும் நர்சிங் மாணவரையும் தாக்குவதும் அதன்கீழ் குற்றம், ஜாமீனில் விட முடியாத குற்றம். உள்ளகக் குழுவில் யார் யார் என்ற பலகை உங்கள் மருத்துவமனைச் சுவரில் எங்கே இருக்கிறது என்று நாளைக்கே தேடுங்கள்.

அடுத்தது வேலை நேரம். தூக்கம் இல்லாதவருக்குத்தான் ஊசி அதிகம் குத்துகிறது. நர்சிங் பாடத்திட்டம் வாரத்துக்கு நாற்பது மணி நேரம் என்றுதான் கணக்குப் போட்டிருக்கிறது. ரெசிடென்ட் மருத்துவர்களைத் தொடர்ந்து பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் சாதாரணமாக வேலை வாங்கக் கூடாது என்று மத்திய அரசு 1992-லேயே எழுதிவைத்தது. முப்பத்தாறு மணி நேர டூட்டியைப் பெருமையாகச் சொல்லும் பழக்கத்தை ஹவுஸ் சர்ஜன் தோழர்கள் விட வேண்டும். அதில் பெருமை இல்லை. மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி-மானஸ் எண் இரவிலும் எடுக்கும். கூப்பிட வெட்கப்படாதீர்கள்.

மூத்த சிஸ்டர்களில் சிலர் சொல்வார்கள்: "நாங்கல்லாம் கையுறையா போட்டோம்? சேவைன்னு வந்துட்டு இதெல்லாம் பார்க்கலாமா?" அவர்களை மதிக்கிறேன், ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள். ஆனால் சிஸ்டர், உங்கள் செட்டில் மஞ்சள்காமாலை வந்து வேலையை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள். விளக்கேற்றும் விழாவில் நாம் யார் பெயரால் விளக்கு ஏந்துகிறோமோ அந்த நைட்டிங்கேல் அம்மையாரே 1855-ல் கிரிமியாவில் காய்ச்சலில் விழுந்து, சாகக் கிடந்து பிழைத்தவர். அதன் பிறகு பல ஆண்டுகள் படுக்கையோடு போராடியவர். செத்த சிப்பாய்களைக் கணக்கெடுத்து, காயத்தைவிட நோய்தான் அதிகம் பேரைக் கொன்றது என்று அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே காட்டியவர். சேவை செய்தவர் கணக்கும் கேட்டார்.

நோயாளிக்கு முதலிடம் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கையில் ஹெபடைடிஸோடு நிற்கும் நர்ஸும், நெஞ்சில் காசநோயோடு பச்சிளங்குழந்தையைத் தூக்கும் மாணவியும் நோயாளிக்கு என்ன நன்மை செய்வார்கள்? பட்டம் வாங்கிக்கொண்டு நம் அக்காக்கள் பிரிட்டனுக்கு வேலைக்குப் போகும்போது அங்கே ஹெபடைடிஸ் பி டைட்டர் ரிப்போர்ட் கேட்கிறார்கள். அதுவரை நான்கு ஆண்டுகள் இங்கே நம் சொந்த மக்களைத் தொட்டுப் பணிசெய்தபோது அதை யாரும் கேட்கவில்லை.

ஆகவே தோழர்களே, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பட்டியல் போடுங்கள். யாருக்கு எத்தனை தவணை முடிந்தது, டைட்டர் பார்த்தாயிற்றா என்பது மட்டும் அதில் இருந்தால் போதும். பரிசோதனை முடிவுகளை யாரும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. அது அவரவர் ரகசியம், சட்டமும் அதைக் காக்கிறது. உங்கள் மருத்துவமனையில் ஊசிக்குத்துக்கான மருந்து இரவு இரண்டு மணிக்கு எந்த அலமாரியில், யாரிடம் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒவ்வொரு வார்டிலும் எழுதி ஒட்டுங்கள். எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையம் சாயங்காலம் பூட்டிவிடும். பூட்டிய பிறகு என்ன ஏற்பாடு என்பதை எழுத்தில் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குக் கூப்பிடுங்கள். இனிமேல் யாருக்கு ஊசி குத்தினாலும் பக்கத்தில் நிற்கும் தோழர் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போக வேண்டும், தனியே அனுப்பக் கூடாது. விபத்துப் பதிவேட்டில் எழுதும்வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. எழுதாத காயத்துக்கு நாளை சாட்சி இல்லை.

கல்லூரியிடமும் மருத்துவமனையிடமும் சேர்த்து ஒரே மனு கொடுப்போம், ஒருவரை ஒருவர் கைகாட்ட முடியாதபடி. முதலாண்டுக்கு முதல் தவணை உடனே, இலவசமாக. போஸ்டிங்குக்கு முன் உடல் பரிசோதனை. கையுறையும் என்-95-ம் மருத்துவமனைச் செலவில். ஊசிக்குத்தைச் சொன்னவர் மார்க்கில் கை வைக்க மாட்டோம் என்ற எழுத்துப்பூர்வமான உறுதி. பயிற்சியில் நோய் வந்தால் சிகிச்சைச் செலவும், படிப்பில் இழந்த நாட்களுக்கு ஈடும். இரவுப் பணிக்குப் பூட்டுள்ள ஓய்வறை. தூய்மைப் பணியாளர்களுக்கும் அதே தடுப்பூசி.

பதில் வரவில்லை என்றால் முதலாண்டு மாணவர்கள் போஸ்டிங்கைத் தொடங்க மாட்டார்கள். கவனியுங்கள், தொடங்க மாட்டார்கள் என்றுதான் சொல்கிறேன். வார்டில் ஏற்கெனவே இருக்கும் நாம் எந்த நோயாளியையும் விட்டுவிட்டு வெளியே வர மாட்டோம். நம் சண்டை அவர்களோடு இல்லை. இன்னும் வார்டுக்கே வராத பிள்ளைகள் கொஞ்ச நாள் தள்ளி வருவதால் ஒரு நோயாளிக்கும் ஒரு வேளை மருந்து தவறாது. கல்லூரியின் அட்டவணைதான் தவறும். அதைச் சரிசெய்ய அவர்களால் முடியும்.

இறுதியாண்டுத் தோழர்களே, மனுவில் முதல் கையெழுத்துகள் நம்முடையவையாக இருக்க வேண்டும். மார்க்கைக் காட்டி மிரட்டுவதற்கு முதலாண்டுப் பிள்ளைகள்தான் எளிது. அவர்களை முன்னால் நிறுத்தக் கூடாது. நாளைக் காலை வகுப்பு தொடங்கும் முன் பட்டியலை எடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் மனு முதல்வர் மேசையில் இருக்க வேண்டும்; ஒரு நகலில் வாங்கிக்கொண்டதற்கான முத்திரையைக் கேட்டு வாங்கி வையுங்கள்.